பூஞ்சை ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனை: இந்த எண்களை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஆல்பேட்டை வாசகி, கடலூர்

வணக்கம். என் மகனுக்குப் பதினோரு வயது. ஃபெஞ்சல் புயலை ஒட்டி 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் எங்கள் வீட்டின் தரைத்தளத்தில் முழங்கால் அளவுக்கு நின்று வடிந்தது. சேற்றைக் கழுவி, சுவர்களுக்குப் புதுப் பெயின்ட் அடித்துத்தான் மீண்டும் குடியேறினோம். ஆனால் அடுத்த ஐப்பசி மழை தொடங்கியதுமே, படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் உள்ள சுவரில் கறுப்புப் புள்ளிகளாகப் பூசணம் பூக்க ஆரம்பித்துவிட்டது. அதே சமயத்திலிருந்து மகனுக்குக் காலையில் எழுந்தவுடன் அடுக்குத் தும்மல், மூக்கில் நீர், பின்னிரவில் வறட்டு இருமல், சில நாட்களில் இழுப்பும் வருகின்றன. விடுமுறையில் பண்ருட்டியில் உள்ள என் அம்மா வீட்டுக்குப் போனால் பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது.

குழந்தை மருத்துவர் ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். இதற்கிடையில் உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில், மருத்துவரைக் கேட்காமலேயே, தனியார் ஆய்வகம் ஒன்றில் முழு ஒவ்வாமைப் பட்டியல் என்ற ரத்தப் பரிசோதனையை என் கணவர் செய்யச் சொல்லிவிட்டார். பல ஆயிரம் ரூபாய் செலவாயிற்று. வந்த அறிக்கையில் சிவப்பு மையில் அச்சான வரிகள்தான் அதிகம். முக்கியமானவை இவை: மொத்த ஐஜிஇ 840, வீட்டுத்தூசி உண்ணி 22, பூஞ்சைகளில் ஆல்டர்னேரியா 4.2, கிளாடோஸ்போரியம் 1.1, பெனிசிலியம் 0.9, ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் 0.41. இவை தவிர கத்தரிக்காய் 0.6, அரிசி 0.5, வேர்க்கடலை 0.4 என்று உணவுப் பொருள்களும் பாசிட்டிவ் என்று போட்டிருக்கிறது. முன்பு எடுத்த ரத்த அணுப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் 8,200, அவற்றில் ஈசினோஃபில் என்ற வகை 9 சதவீதம்.

என் சந்தேகங்கள் இவை. இந்த எண்களின்படி அவனுக்கு இருப்பது கடுமையான பூஞ்சை ஒவ்வாமையா? இட்லி மாவு புளிப்பதே பூஞ்சையால்தான் என்று சொல்லி, இட்லி, தோசை, தயிர், பழைய சோறு எல்லாவற்றையும் மாமியார் நிறுத்தச் சொல்கிறார். அறிக்கையின் கடைசிப் பக்கமும் தவிர்க்க வேண்டிய உணவுகள் என்று ஒரு நீண்ட பட்டியல் கொடுத்திருப்பதால் என்னால் அவரிடம் மறுத்துப் பேச முடியவில்லை. பையன் இப்போது கோதுமை உப்புமாவைத் தவிர வேறொன்றும் சாப்பிட முடியாத நிலையில் இருக்கிறான். பெனிசிலியம் பாசிட்டிவ் என்றால் இனி பெனிசிலின் வகை மருந்துகளே கொடுக்கக் கூடாதா? தோலில் செய்யும் பரிசோதனை இதைவிடத் துல்லியமானது என்கிறார்களே, அதையும் செய்ய வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஆய்வகப் பணியாளர், லாஸ்பேட்டை

வணக்கம் அம்மா. மருத்துவ ஆலோசனை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை அன்றாடம் பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஐஜிஇ என்பது நம் உடல் உற்பத்தி செய்யும் எதிர்ப்புரதங்களில் ஒரு வகை. அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும் ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் 1960களின் நடுவில் தனித்தனியே இதைக் கண்டறிந்தார்கள். 1968இல் இதற்கு இப்பெயர் சூட்டப்பட்டது. ரத்தத்தில் மிக மிகக் குறைவாகவே இருப்பதால்தான் அத்தனை காலம் அது யார் கண்ணிலும் படவில்லை. மொத்த ஐஜிஇ என்பது எதற்கு எதிரானது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும் அளவு. ஆல்டர்னேரியா 4.2 என்பது அந்த ஒரு பூஞ்சைக்கு எதிரான ஐஜிஇ மட்டும். இரண்டின் அலகுகளும் வெவ்வேறு என்பதால் 840 என்ற எண்ணையும் 4.2 என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

தனி ஐஜிஇ பரிசோதனையில், பூஞ்சையிலிருந்து எடுத்த புரதச் சாற்றை ஒரு பஞ்சு போன்ற பொருளிலோ தாளிலோ பிணைத்து வைத்து, அதன்மேல் நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீரை, விடுவோம். அந்தப் பூஞ்சைக்கு எதிரான ஐஜிஇ இருந்தால் ஒட்டிக்கொள்ளும். மற்றவை கழுவும்போது போய்விடும். ஒட்டியது எவ்வளவு என்பதை, ஐஜிஇயைப் பற்றிக்கொள்ளும் இன்னொரு எதிர்ப்புரதத்தைச் சேர்த்து, அது தரும் ஒளியையோ நிறத்தையோ வைத்து அளக்கிறோம். 0.35க்குக் கீழ் என்றால் வகுப்பு 0. அதிலிருந்து 0.7 வரை வகுப்பு 1, 3.5 வரை வகுப்பு 2, 17.5 வரை வகுப்பு 3, 50 வரை வகுப்பு 4, 100 வரை வகுப்பு 5, அதற்கு மேல் வகுப்பு 6. உங்கள் மகனுக்குத் தூசி உண்ணி நான்காம் வகுப்பு, ஆல்டர்னேரியா மூன்றாம் வகுப்பு, கிளாடோஸ்போரியமும் பெனிசிலியமும் இரண்டாம் வகுப்பு, ஆஸ்பர்ஜில்லஸ் முதல் வகுப்பு. இந்த வகுப்பு நோயின் கடுமையைச் சொல்வதன்று. வகுப்பு 2 உள்ள ஒருவருக்கு இரவெல்லாம் இழுப்பு வரலாம். வகுப்பு 4 உள்ளவர் ஒரு தும்மலும் இல்லாமல் இருக்கலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, அவர் வந்து வாக்களிப்பது வேறு என்பதைப் போலத்தான் இது.

அறிக்கையில் ஒன்றைக் கவனியுங்கள். பரிசோதனை முறை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை ஒரே தாள் பட்டையில் கோடுகளாகப் பதித்து, கோடு எவ்வளவு கறுக்கிறது என்பதை ஸ்கேன் செய்து எண்ணாக மாற்றும் முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக இயந்திரத்தில் அளக்கும் முறை வேறு. முதல் முறையில் 0.4, 0.5 என்று வரும் எண்களை எல்லைக்கோட்டில் நிற்பவை என்று மட்டுமே கொள்ள வேண்டும்.

கத்தரிக்காய், அரிசி, வேர்க்கடலை பற்றியும் ஒரு வார்த்தை. தாவரப் பொருள்கள் பலவற்றில் ஒரே மாதிரியான சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. சிலருடைய ஐஜிஇ அவற்றின்மீது ஒட்டிக்கொள்வதால், சாப்பிட்டு எந்தத் தொந்தரவும் இல்லாத உணவுகள்கூட வரிசையாகக் குறைந்த அளவு பாசிட்டிவாகத் தோன்றும். மொத்த ஐஜிஇ மிகுந்திருக்கும்போது இது இன்னும் அதிகம். கடைசிப் பக்கத்து உணவுப் பட்டியல், பாசிட்டிவ் என்று வந்தவற்றை மென்பொருள் தானாகவே எடுத்துப் போடுவது. அதை எந்த மருத்துவரும் உட்கார்ந்து உங்கள் பையனுக்காக எழுதவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற நெஞ்சக நோய் மருத்துவர், புதுச்சேரி

மேலே உள்ள விளக்கம் சரியானது. அதன்மேல் நான் சொல்ல வேண்டியவை சில உள்ளன. இங்கே எழுதுவது பொதுவான விளக்கம்தான். பையனைப் பரிசோதித்த மருத்துவரின் சொல்லுக்கு இது மாற்றாகாது.

உணவு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனெனில் வளரும் பிள்ளை பட்டினி கிடக்கிறான். இட்லி மாவைப் புளிக்க வைப்பவை பெரும்பாலும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள். அவற்றோடு கொஞ்சம் ஈஸ்டும் இருக்கும். தயிரும் பாக்டீரியாவின் வேலைதான். சுவரில் பூக்கும் பூசணத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. காற்றில் வரும் பூஞ்சை வித்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் உணவைக் குறைக்க வேண்டியதில்லை. இதுவரை அரிசியும் கத்தரிக்காயும் வேர்க்கடலையும் சாப்பிட்டுத் தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் எதுவும் வரவில்லை என்றால், அந்த எண்களைப் பார்க்காததுபோல் விட்டுவிடுங்கள். சாப்பிட்டுவரும் உணவை ஓர் அறிக்கையை நம்பிக் காரணமின்றி நீண்ட காலம் நிறுத்திவைப்பது, சில குழந்தைகளுக்குப் பின்னாளில் அதே உணவின்மீது உண்மையான ஒவ்வாமையை உண்டாக்கவும் கூடும். மாமியாரிடம் இதை ஒரு மருத்துவர் சொன்னார் என்றே சொல்லுங்கள். பூசணம் பிடித்த ரொட்டியையும் ஊறுகாயையும் யாரும் சாப்பிட வேண்டாம், அது வேறு காரணத்துக்காக.

பெனிசிலியம் என்ற பூஞ்சைப் பேரினத்தில் ஒன்றிலிருந்துதான் பெனிசிலின் மருந்து கிடைத்தது என்பது உண்மை. ஆனால் பூஞ்சையின் புரதங்களுக்கு ஒவ்வாமை என்பதும் மருந்து மூலக்கூறுக்கு ஒவ்வாமை என்பதும் தனித்தனி விஷயங்கள். இந்த 0.9ஐ வைத்துப் பையனின் மருத்துவக் குறிப்பில் பெனிசிலின் ஆகாது என்று யாரும் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருமுறை எழுதப்பட்டால் வாழ்நாள் முழுவதும் அவனுக்கு நல்ல மருந்துகள் சில கிடைக்காமல் போகும்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் 22ஐயும் 4.2ஐயும் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு உறுத்துவது 0.41.

ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸின் வித்துகள் இரண்டு மூன்று மைக்ரான் அளவே உள்ளவை. அதனால் அவை நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். மனித உடலின் வெப்பத்தில் நன்றாக வளரவும் கூடியவை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு இது மூச்சுக்குழாயின் சளியில் தங்கி வளர்ந்து, ஒவ்வாமையைத் தூண்டிக்கொண்டே இருந்து, காலப்போக்கில் மூச்சுக்குழாய்களை நிரந்தரமாக விரியச் செய்துவிடும். ஏ.பி.பி.ஏ. என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்த நோய் இந்தியாவில் அரிதன்று. இதைப் பற்றிய முக்கியமான ஆய்வுகள் பல சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தவை. 2024இல் திருத்தி வெளியிடப்பட்ட சர்வதேச வரையறையின்படி, ஆஸ்துமா உள்ள ஒருவருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் ஐஜிஇ 0.35 அல்லது அதற்கு மேலும், மொத்த ஐஜிஇ 500 அல்லது அதற்கு மேலும் இருந்தால் இந்த நோயைப் பற்றி யோசிக்க வேண்டும். முந்தைய வரையறையில் மொத்த ஐஜிஇ 1,000க்கு மேல் என்று இருந்தது. இவற்றோடு, அந்தப் பூஞ்சைக்கு எதிரான ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்ப்புரதம் அதிகமாக இருப்பது, ஈசினோஃபில் எண்ணிக்கை 500 அல்லது அதற்கு மேல் இருப்பது, நெஞ்சுப் படத்தில் அதற்கேற்ற மாற்றங்கள் காணப்படுவது ஆகிய மூன்றில் இரண்டு சேர வேண்டும். உங்கள் மகனின் ஈசினோஃபில் எண்ணிக்கையை நீங்கள் கொடுத்த விவரத்திலிருந்தே கணக்கிடலாம்: 8,200இல் 9 சதவீதம் என்றால் 738.

இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். 0.41 என்பது பட்டை முறையில் வந்த எண்ணாக இருந்தால் அதை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. தூசி உண்ணிக்கு 22 உள்ள ஒரு பையனுக்கு மொத்த ஐஜிஇயும் ஈசினோஃபிலும் உயர்ந்திருப்பதில் வியப்பில்லை. அவற்றுக்குத் தூசி உண்ணி ஒன்றே போதுமான காரணம். ஆனாலும், இத்தனை பக்கப் பரிசோதனைக்குப் பதில் ஒரே ஒரு பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும் என்றால் அது ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் ஐஜிஇதான். அதைத் தனியாக, அளவறியும் இயந்திரத்தில் செய்ய வேண்டும். மற்ற சிவப்பு வரிகளை விட்டுவிட்டு இந்த ஒரு வரியைக் காட்டி உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் அவர் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்; உங்களுக்கு ஜிப்மரும் தொலைவில்லை.

மொத்த ஐஜிஇ பற்றி நம் பகுதியில் உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. குடற்புழு இருந்தால் அது ஏறும். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் விளைவாக வரும் ஒருவகை ஈசினோஃபில் நோயிலும் ஏறும். அதிலும் இரவு இருமல்தான் முதன்மையான அறிகுறி. 1975இல் புதுச்சேரியில் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்ட காலத்தில் இந்த ஊரில் யானைக்கால் நோய் அன்றாடம் காணக்கூடியதாக இருந்தது. இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த ஈசினோஃபில் நோயில் எண்ணிக்கை வழக்கமாக 3,000ஐத் தாண்டும் என்பதால் 738க்கு அதை நினைக்க வேண்டியதில்லை. பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை அவன் விழுங்கினானா, வாயில் வைத்திருந்து துப்பினானா என்பதை மட்டும் விசாரியுங்கள்.

தோல் பரிசோதனையில் ஒவ்வாமைச் சாற்றின் ஒரு துளியை முன்கையில் வைத்து ஊசி முனையால் மெல்லக் குத்துவார்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் பாசிட்டிவ். விலை குறைவு, முடிவு அன்றே தெரியும், பையனும் தன் கையில் தடிப்பதைக் கண்ணால் பார்ப்பான். ஆனால் செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். இன்ஹேலரை நிறுத்தத் தேவையில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எந்த மாத்திரையும் தடையில்லை, வெறும் வயிறும் தேவையில்லை. தோலில் பரவலான கரப்பான் உள்ளவர்களுக்கும் மாத்திரையை நிறுத்தவே முடியாதவர்களுக்கும் ரத்தப் பரிசோதனைதான் வழி. பூஞ்சைகளைப் பொறுத்தவரை இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. பூஞ்சைச் சாறுகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடுவதும், ஒரே பூஞ்சை வளர்க்கும் விதத்துக்கேற்ப வெவ்வேறு புரதங்களை உற்பத்தி செய்வதும் இதற்குக் காரணங்கள். உங்கள் நிலையில், தூசி உண்ணிக்கு இவ்வளவு தெளிவான விடை கிடைத்த பிறகு, தோல் பரிசோதனை புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை என்பது என் கருத்து.

கடைசியாக, அந்தச் சுவரின்மீது முழுப் பழியையும் போட்டுவிட வேண்டாம். ஆல்டர்னேரியா பெரும்பாலும் வெளியில், செடிகளின் இலைகளிலும் பயிர்களிலும் மக்கும் சருகுகளிலும் வாழ்வது. காய்ந்து காற்றடிக்கும் நாட்களில் அதிகம் பறக்கும். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் தும்மல் கூடுகிறதா என்று கவனியுங்கள். ஈரச் சுவரில் வழக்கமாகக் காணப்படுபவை கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், ஆஸ்பர்ஜில்லஸ் வகைகள். ஆனால் ஓதம் ஏறிய அறையில் பூசணத்தைப் போலவே தூசி உண்ணியும் செழிக்கும். பண்ருட்டியில் அவனுக்குக் குறைவது சுவரில்லாததாலா, அங்கே அவன் பாயில் படுப்பதாலா? அவன் வீட்டில் இலவம்பஞ்சு மெத்தையில் படுக்கிறான் என்றால் எனக்கு முதல் சந்தேகம் மெத்தையின்மேல்தான்.

பதில்: பாகூர்க்காரர்

மருத்துவர் ஐயா எழுதியதோடு எதிர்ப்பக்க அனுபவம் ஒன்றையும் சேர்க்கிறேன். என் தந்தையார் விவசாயி. மழையில் நனைந்து மட்கிய வைக்கோலைப் பிரித்துப்போட்ட நாட்களில், அன்று மாலையே காய்ச்சலும் நெஞ்சு இறுக்கமும் மூச்சு வாங்குதலும் அவருக்கு வரும். இரண்டொரு நாளில் தானாகவே அடங்கும். இதுவும் பூஞ்சை ஒவ்வாமைதான் என்று நாங்களாகவே முடிவு செய்து ஐஜிஇ பட்டியல் எடுத்தபோது ஒன்றுமே வரவில்லை. அதனால் ஒவ்வாமை இல்லை என்று எண்ணி அவர் அதே வேலையைத் தொடர்ந்தார். பின்னர் நெஞ்சக மருத்துவர் ஒருவர் சி.டி. ஸ்கேனும் மூச்சுத்திறன் பரிசோதனையும் ஐஜிஜி வகைப் பரிசோதனையும் செய்துதான் கண்டுபிடித்தார். மட்கிய வைக்கோலில் வளரும் நுண்ணுயிர்களால் வரும் இந்த நுரையீரல் அழற்சிக்கு ஐஜிஇ காரணமே அன்று என்றும், அதனால் ஐஜிஇ பரிசோதனையில் அது தெரியாது என்றும் விளக்கினார். ஐஜிஇ இல்லை என்று வந்தவர்களும் எந்த வேலைக்குப் பின் எத்தனை மணி நேரத்தில் தொந்தரவு வருகிறது என்பதை எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

பதில்: ஓய்வுபெற்ற நெஞ்சக நோய் மருத்துவர், புதுச்சேரி

பாகூர்க்காரர் சொல்வது மிகவும் பொருத்தமானது. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துகிறேன், ஏனெனில் இதைப் படித்துவிட்டு எல்லாரும் ஐஜிஜி எடுக்க ஓடக் கூடாது. ஐஜிஜி என்பது நாம் சுவாசிக்கும், உண்ணும் பொருள்களோடு உடலுக்குப் பழக்கம் இருக்கிறது என்பதையே பெரும்பாலும் காட்டும். மேலே சொன்ன நுரையீரல் அழற்சி, ஏ.பி.பி.ஏ., ஆஸ்பர்ஜில்லஸின் நாள்பட்ட நுரையீரல் தொற்று போன்ற சில நோய்களில் மட்டும், மற்ற சான்றுகளோடு சேர்த்துப் பார்க்க அது உதவும். உணவு ஒவ்வாமைக்கு ஐஜிஜி, உடலில் பூசண நச்சு இருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் என்றெல்லாம் விற்கப்படும் பரிசோதனைகளுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பதில்: கட்டுமானப் பொறியாளர், முத்தியால்பேட்டை

ரத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

பீரோவுக்குப் பின்னால் மட்டும் பூப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே காற்றோட்டமில்லை, சுவர் குளிர்ந்திருக்கும், ஈரம் அங்கேயே தங்கும். முதலில் அது பூசணம்தானா என்று பாருங்கள். கடலோர ஊர்களில் சுவரில் உப்பும் பூக்கும்; அது வெள்ளையாக, தொட்டால் பொருபொருவென்று உதிரும், ஒரு சொட்டு நீர் விட்டால் கரைந்துவிடும். பூசணம் கரையாது, விரலால் தேய்த்தால் கறுப்பாகவோ பச்சையாகவோ இழுபடும், மக்கிய வாடையும் இருக்கும். வெள்ளத்தில் நின்ற சுவரில் பெரும்பாலும் இரண்டுமே இருக்கும்.

வெள்ளம் வடிந்த பிறகு சுவர் உள்ளுக்குள் காய்வதற்குப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்றுவிடும். இங்கே பழைய பிரெஞ்சுக்காரர் காலத்து வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு இருந்ததால் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டது. சுண்ணாம்பின் காரத்தன்மையில் பூசணமும் எளிதில் பிடிக்காது. நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது: அடித்தளத்திலிருந்து ஏறுகிறதா, சுவருக்கு மறுபக்கம் குளியலறைக் குழாய் கசிகிறதா, வெளிப்புறத்தில் வெடிப்பா? அதைச் சரிசெய்யாமல் மேலே எதை அடித்தாலும் அடுத்த ஐப்பசியில் திரும்ப வரும். உப்பிய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மின்விசிறி வைத்து நன்றாகக் காயவிட்டு, அதன் பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். பூசணத்தைக் கொன்றால் போதாது, துடைத்து அகற்ற வேண்டும். செத்த பூசணத்தின் தூசியும் தும்மலை வரவழைக்கும் என்பதால் அதன்மேலேயே பெயின்ட் அடிப்பதில் பயனில்லை. பிளீச்சிங் பவுடரைப் பயன்படுத்தினால் கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். சுரண்டுபவர் என்-95 முகக்கவசம் அணிய வேண்டும்; அன்று பையன் அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பரண்மேல் வெள்ளத்துக்கு முந்தைய அட்டைப்பெட்டிகள், பழைய துணி மூட்டைகள் இருந்தால் அவற்றையும் பிரித்துப் பாருங்கள்.

ஆல்பேட்டை வாசகி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இட்லியும் தயிரும் திரும்ப வந்துவிட்டன. மருத்துவர் சொன்னார் என்றதும் மாமியாரும் மறுக்கவில்லை; ஆனால் பழைய சோறு மட்டும் மழைக்காலம் முடியும்வரை வேண்டாம் என்கிறார், அதை அவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டேன்.

அறிக்கையில் உள்ளது பட்டை முறைதான். குழந்தை மருத்துவர் அந்த 0.41ஐப் பார்த்துவிட்டு, ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஇயைத் தனியாக இயந்திரத்தில் எடுக்கச் சொன்னார், 0.12 என்று வந்திருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயும் தெளிவாக இருப்பதால் இப்போதைக்கு ஏ.பி.பி.ஏ. பற்றி யோசிக்க வேண்டாம் என்றார். மெத்தை இலவம்பஞ்சுதான், என் திருமணத்துக்கு வாங்கியது. அதை எடுத்துவிட்டுப் பாயும் புதுத் தலையணையும் கொடுத்த பிறகு தும்மல் குறைந்திருக்கிறது. இரவு இருமல் இன்னும் அவ்வப்போது வருகிறது. சுவரைத் தட்டிப் பார்த்ததில் மறுபக்கத்துக் குளியலறைக் குழாயில் கசிவு இருந்தது. அந்த வேலை இப்போதுதான் நடக்கிறது. ஒவ்வாமை குறைகிறதா என்று பார்க்க, இதே ரத்தப் பரிசோதனையை ஆண்டுக்கொரு முறை செய்துகொள்ளலாமா? பூஞ்சைக்குத் தடுப்பூசி போட்டால் குணமாகும் என்று ஒருவர் சொன்னார், அது சரியா?

பதில்: ஓய்வுபெற்ற நெஞ்சக நோய் மருத்துவர், புதுச்சேரி

0.12 என்பது நல்ல செய்தி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டாம். ஐஜிஇ எண் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து இன்ஹேலரைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இரவில் எத்தனை முறை விழிக்கிறான், ஓடி விளையாட முடிகிறதா, அவசரத்துக்கு உறிஞ்சும் இன்ஹேலரை வாரத்தில் எத்தனை முறை எடுக்கிறான் என்பவைதான் அளவுகோல். ஏ.பி.பி.ஏ. உறுதியானவர்களுக்கு மட்டும் சிகிச்சையின் பலனை அறிய மொத்த ஐஜிஇயைத் திரும்பத் திரும்ப எடுப்போம். பின்னாளில் தடுப்பு இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் ஆஸ்துமா கட்டுப்படாமல் போனால், அல்லது பழுப்பு நிறச் சளிக்கட்டிகள் இருமலில் வந்தால், ஆஸ்பர்ஜில்லஸை மீண்டும் பார்க்க வேண்டும்.

அவர் தடுப்பூசி என்று சொன்னது ஒவ்வாமைப் பொருளையே சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சையாக இருக்கும். தூசி உண்ணிக்கு அதில் நல்ல பலன் உண்டு. பூஞ்சைகளில் ஆல்டர்னேரியா போன்ற ஒன்றிரண்டுக்குத்தான் ஓரளவு தரப்படுத்தப்பட்ட சாறுகளும் சான்றுகளும் இருக்கின்றன. பல பூஞ்சைகளை ஒரே குப்பியில் கலந்து கொடுக்கும் ஊசிகளை நான் பரிந்துரைப்பதில்லை. ஆஸ்துமா கட்டுக்குள் வராத நிலையில் எந்த ஒவ்வாமை ஊசியும் போடக் கூடாது, ஆகவே அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 பாகை வெந்நீரில் துவையுங்கள். இரவு இருமல் மிஞ்சியிருப்பதற்கு, தடுப்பு இன்ஹேலர் ஒழுங்காக உள்ளே போகாததும் காரணமாக இருக்கலாம். இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழாயான ஸ்பேசர் வைத்து எடுக்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை போகும்போது இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையோடு எடுத்துச் சென்று, மருத்துவர் முன்னிலையில் பையனையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.